வியாதி வயிற்றுக்குள் இல்லை... வாசலுக்குக் கீழே!

உங்கள் குடியிருப்பில் போன ஒரு மாசத்தில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது? தெரியுமா உங்களுக்கு?

தெரியாது, இல்லையா? எனக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் அங்கேயே குடியிருக்கிற டாக்டர்!

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, முப்பது வருஷமாக நாடி பிடித்துக்கொண்டிருப்பவன் நான். சென்னையில் 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். ஏ பிளாக்கில் 12 வீடு, பி பிளாக்கில் 12 வீடு.

போன வருஷம் ஏப்ரல் மாசம் பி பிளாக் இரண்டாவது மாடி மாமி வந்தார். "ரெண்டு நாளா வயிறு சரியில்ல டாக்டர். கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்" என்றார். தயிர்ச்சுண்டிச் சூரணம் கொடுத்தேன். சரியாகிவிட்டது. நாலு நாள் கழித்து ஒரு கல்லூரிப் பையன். "நைட்டு ஹோட்டல்ல பிரியாணி, டாக்டர்" என்றான். அதற்கும் தலையாட்டினேன். அப்புறம் ஒரு தாத்தா. அவருக்கு "வெயில் சூடு!" இன்னும் இரண்டு பேர், இன்னும் இரண்டு காரணம். ஆளுக்கு ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாவது வாரம். ராத்திரி பத்து மணி. வாட்ச்மேனின் மனைவி தன் நாலு வயசுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, காலைலேர்ந்து தண்ணியா போவுதுங்க. இப்ப கண்ணே தொறக்க மாட்டேங்குது..."

குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. நாக்கு வறண்டு கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய இடத்துக்குப் போனது. மத்தியானத்திலிருந்து சிறுநீரே போகவில்லையாம். இது சூரணம் கொடுக்கிற நேரமில்லை. என் காரிலேயே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விடிய விடிய டிரிப்ஸ் ஏறியது. காலையில் அது கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. மூன்று வாரத்தில் என்னிடம் வந்த ஐந்து பேரும் பி பிளாக்! வாட்ச்மேன் குடும்பம் குடம் பிடிப்பதும் பி பிளாக் சம்ப்பை ஒட்டிய குழாயில்தான். ஏ பிளாக்கிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை.

ஐந்து பேருக்கும் தனித்தனியாக நாடி பார்த்தேனே தவிர, ஐந்து பேரையும் சேர்த்துவைத்து நான் பார்க்கவில்லை. என் தப்புதான்.

ஓட்டை ஒருவழிப் பாதை அல்ல!

'என்ன டாக்டர், வைத்தியத்தை விட்டுட்டு பிளம்பர் வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது.

பூமிக்குள் குழாயில் ஓட்டை என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? 'ஐயோ, தண்ணி வீணாகுதே! லாரிக்குக் கொடுக்கிற காசு வீணாகுதே!' அவ்வளவுதான். தண்ணீர் வெளியே போவதை மட்டும்தான் பார்க்கிறோம். அதே ஓட்டை வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும் என்று யோசிப்பதே இல்லை.

நம் ஊர்களில் பெரும்பாலும் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. சில மணி நேரம் வரும், நிற்கும். வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. ஓட்டை வழியாகச் சுத்தமான தண்ணீர் பீறிட்டு மண்ணுக்குள் போகிறது. நின்ற பிறகு குழாய் காலி. இப்போது சுற்றியுள்ள ஈர மண்ணிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் கசிகிறது. பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் ஒன்றும் ஒழுகிக்கொண்டிருந்தால்? அடுத்த முறை தண்ணீர் வரும்போது, அந்தக் கழிவு முழுக்க முதல் ஆளாக உங்கள் சம்ப்புக்குள் வந்து இறங்கும்!

எங்கள் குடியிருப்பில் இதற்கு மேலும் ஒரு காரியம் செய்திருந்தோம். பி பிளாக்குக்குத் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று, தெருக் குழாயிலிருந்து வருகிற லைனிலேயே நேரடியாக ஒரு மோட்டாரை மாட்டிவிட்டோம். விதிப்படி செய்யக்கூடாத வேலை இது. மோட்டார் உறிஞ்சும்போது தண்ணீர் போதாவிட்டால், ஓட்டை வழியாகச் சேற்றையும் சேர்த்து இழுக்கும். ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் கீறல் இருந்தால் காற்றும் சேர்ந்து வருகிறதே, அதே கதைதான். அந்த மோட்டாரைப் போடலாம் என்று மீட்டிங்கில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

லண்டனில் நடந்த கதை

இது எனக்கு மட்டும் நேர்ந்த விஷயமில்லை. மருத்துவ உலகமே பாடம் படித்த ஒரு சம்பவம் உண்டு.

1854-ம் வருஷம். லண்டன் நகரத்தில் பிராட் தெருவைச் சுற்றி காலரா பரவி, சில வாரங்களில் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கெட்ட காற்றினால் வருகிறது என்றுதான் அன்றைக்குப் பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும் வீடு வீடாக விசாரித்து, எந்த வீட்டில் எத்தனை சாவு என்று வரைபடத்தில் குறித்தார். சாவுகள் எல்லாம் ஒரே ஓர் அடிபம்பைச் சுற்றி இருந்தன! பக்கத்திலேயே இருந்த மது ஆலைத் தொழிலாளிகள் தப்பித்திருந்தார்கள். அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

கதை இதோடு முடியவில்லை. அந்தக் கிணற்றுக்குள் நோய் எப்படிப் போனது? ஸ்னோ சொன்னது தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பிய ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார்தான் அதற்கும் வழி காட்டினார். கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் வயிற்றுப்போக்கில் இறந்த கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணீரை வீட்டுக் கழிவுக் குழியில் கொட்டியிருந்தார்கள். 1855-ல் தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்று அடிகூட இல்லை.

600 உயிருக்கு மேல் போனதற்குக் காரணம், யார் கண்ணுக்கும் தெரியாமல் பூமிக்குள் இருந்த ஒரு கசிவு!

எண்வகைத் தேர்வு குழாய்க்கும் உண்டு

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வழி சொல்வார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டையும் பார்க்காமல் மருந்து கொடுப்பவன் வைத்தியன் அல்ல. எங்கள் குழாய்க்கும் அப்படித்தான் பார்த்தோம்.

முதலில் வரலாறு. ஒரு வெள்ளைத் தாளில் 24 வீட்டையும் கட்டம் போட்டேன். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன உபத்திரவம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். என்னிடம் வராமல் மாத்திரை வாங்கிச் சமாளித்தவர்கள் இன்னும் நாலு பேர். அவர்களும் பி பிளாக்!

இரண்டாவது, நிறம். ஏ சம்ப் தண்ணீரிலும் பி சம்ப் தண்ணீரிலும் குளோரின் சோதனைச் சொட்டு விட்டோம். ஏ சம்ப் தண்ணீர் இளமஞ்சளானது. அதில் குளோரின் இருக்கிறது. பி சம்ப் தண்ணீர் அப்படியே இருந்தது. தண்ணீரில் அழுக்கு சேர்ந்தால் அது குளோரினைத் தின்றுவிடும். கூடவே, மலக்கழிவு கலந்திருந்தால் கறுத்துப்போகிற சோதனை பாட்டிலையும் வாங்கி நிரப்பி வைத்தோம். மறுநாள் பி பாட்டில் மட்டும் கறுத்திருந்தது. தண்ணீர் என்னவோ பார்வைக்குப் பளிங்கு மாதிரிதான் இருந்தது!

மூன்றாவது, நாடி. தெருவிலிருந்து வரும் குழாய் முதலில் ஏ சம்ப்புக்குப் பிரிகிறது. பிறகு கார் பார்க்கிங்குக்கு அடியில் சுமார் 60 அடி ஓடி பி சம்ப்புக்குப் போகிறது. அந்த 60 அடியின் இரண்டு முனையையும் அடைத்து, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றி, அழுத்தமானியை மாட்டினார் பிளம்பர். குழாய் நல்ல குழாயாக இருந்தால் முள் அசையக்கூடாது. பத்தே நிமிஷத்தில் முள் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஓட்டை இருக்கிறது. எங்கே இருக்கிறது?

பார்க்கிங் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அக்னி நட்சத்திர வெயிலிலும் தளதளவென்று நிற்கும். "நம்ம மண்ணு ராசி!" என்று எல்லோரும் பெருமையாகப் பறித்துப் போவோம். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடனே அங்கே தோண்டினோம். மூன்றடி ஆழம். சேறு இருந்தது. குழாயோ முழுசாக இருந்தது!

"வெட்டிச் செலவு" என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். பிளம்பர் வயசானவர். நிதானமாகச் சொன்னார்: "தண்ணி தெரியிற எடம் வேற, குழா உடைஞ்ச எடம் வேற சார். பள்ளம் பார்த்து அது நடந்து வந்திருக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் தொழிலில் இது பாலபாடம் அல்லவா? இருதயத்தில் கோளாறு இருக்கும், இடது கை வலிக்கும். பித்தப்பையில் கல் இருக்கும், வலது தோள்பட்டை வலிக்கும். வலிக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நோயைப் பிடிக்க முடியுமா?

கடைசியில் பிடித்துக் கொடுத்தது மொழி, அதாவது ஓசை. தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில், ஊர் அடங்கியிருக்கும் விடிகாலை நாலு மணிக்கு, பெரியவர் ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டார். நாலடிக்கு ஓர் இடமாக நகர்ந்துகொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். "கேளுங்க டாக்டர்." நானும் காதை வைத்தேன். சட்டியில் எண்ணெய் காய்கிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். கறிவேப்பிலைச் செடியிலிருந்து 12 அடி தள்ளி, கழிவுநீர் சேம்பரை ஒட்டி!

தோண்டினால் துருப்பிடித்த இரும்புக் குழாயில் பென்சில் கனத்துக்கு ஓட்டை. ஒரு சாண் தூரத்தில் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், சுற்றிலும் கறுப்புச் சேறு. வாட்ச்மேனின் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அதுதான்.

இப்போது காதுக்குப் பதிலாகச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எலெக்ட்ரானிக் கருவிகள் இருக்கின்றன. குழாய்க்குள் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, தரைக்கு மேலே அது வெளிவரும் இடத்தைக் கண்டுபிடிக்கிற முறையும் உண்டு. பெரிய குடியிருப்பு என்றால் அவர்களைக் கூப்பிடுங்கள். நாலு இடத்தில் தரையைப் பெயர்ப்பதைவிடச் செலவு குறைவாகவே ஆகும்.

"எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கே!"

ஓட்டையைக் கண்டுபிடித்தது பாதி வேலை. மீதிப் பாதி, அசோசியேஷன் மீட்டிங்!

"ஏ பிளாக்குக்கு நல்ல தண்ணிதான வருது, நாங்க ஏன் குடுக்கணும்?" என்றார் ஒருவர். "எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு, எங்களுக்குப் பிரச்னை இல்ல" என்றார் பி பிளாக்காரர் ஒருவரே. நான் எழுந்தேன்.

"சார், ஆர்.ஓ. தண்ணியிலயா பல் தேய்க்கிறீங்க? கொத்தமல்லித் தழையை எதுல அலசுறீங்க? பாத்திரத்தை எதுல கழுவுறீங்க? குழந்தை குளிக்கும்போது ஒரு வாய் முழுங்காதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். இந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் அப்படியே குடித்துக்கொண்டிருந்தது யார்? வாட்ச்மேன் குடும்பம். ஆர்.ஓ. இல்லாத ஒரே வீடு அதுதான். நம் காரைத் துடைத்து, நம் கேட்டைக் காப்பவர் குழந்தைக்கு நாம் கொடுத்த சம்பளத்தில் இதுவும் ஒன்றா?

அன்றைக்கு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. செலவை 24 வீடும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். பழைய குழாயை ஒட்டுப்போடவில்லை. புது ஹெச்.டி.பி.ஈ. குழாயை சேம்பருக்கு எதிர்ப்பக்கச் சுவரோரமாக எடுத்துப் போனோம். கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்தோம். அந்த உறிஞ்சு மோட்டாரைக் கழற்றி எறிந்தோம்.

என் கட்சி இதுதான், வாசகர்களே! பூமிக்குள் இருக்கும் கசிவு பிளம்பிங் பிரச்னை அல்ல. அது குடியிருப்பு முழுவதுக்கும் வந்த ஒரு வியாதி. வியாதிக்கு ஏ பிளாக், பி பிளாக் கிடையாது. சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற பேதமும் கிடையாது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ஃபில்டர் வாங்கித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது, மூலத்தை விட்டுவிட்டு மேல்பூச்சுப் பூசுகிற வைத்தியம்.

என்னிடம் வருபவர்கள் கேட்பார்கள், "மஞ்சள்காமாலைக்கு உங்ககிட்ட கீழாநெல்லி இருக்கே டாக்டர், அப்புறம் என்ன பயம்?" என்று. கீழாநெல்லி கொடுக்கிறவன்தான் நான். ஆனால் கீழாநெல்லியை வைத்துக் குழாய் ஓட்டையை அடைக்க முடியாதே! கெட்ட தண்ணீரால் பரவும் காமாலையில் 'ஹெபடைடிஸ் ஈ' என்று ஒரு வகை இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணிகளின் உயிரையே அது பறித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். 'தேற்றான்கொட்டை உரசிப் போட்டால் போதுமா?' என்றும் கேட்பார்கள். அது கலங்கலைத் தெளிய வைக்கும். கிருமியைக் கொல்லும் என்று நம்பிவிடாதீர்கள். தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. சந்தேகமிருந்தால் கொதிக்க வையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

* ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கோ காமாலையோ வந்தால், உடனே செயலாளரிடம் சொல்லுங்கள். வீட்டு எண்ணோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

* மூன்று மாசத்துக்கு ஒருமுறை சம்ப் சோதனை செய்யுங்கள். ராத்திரி 11 மணிக்கு மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் உள்ளே வரும் வால்வையும் மூடிவிட்டு, சம்ப்பில் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறியுங்கள். காலை 5 மணிக்கு மறுபடி பாருங்கள். 10 அடிக்கு 8 அடி சம்ப் என்றால், ஓர் அங்குலம் இறங்கினால் சுமார் 190 லிட்டர் போயிருக்கிறது. மூன்று அங்குலம் இறங்கினால் ஒரு நாளைக்கு 2,200 லிட்டருக்கு மேல்! மட்டம் *ஏறியிருந்தால்* இன்னும் ஆபத்து. வெளித் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். சம்ப்பைக் காலி செய்துவிட்டுச் சுவரில் ஈரம் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

* வெயில் காலத்தில் ஈரமாக இருக்கும் தரை, உள்வாங்கிய தளக்கல், ஓரிடத்தில் மட்டும் செழித்த செடி, குழாயைத் திறந்ததும் முதலில் வரும் கலங்கலும் வாடையும்... எல்லாமே அறிகுறிகள்தான்.

* குடிநீர்க் குழாய் மேலே, கழிவுநீர்க் குழாய் கீழே, இரண்டும் முடிந்தவரை விலகி. புதுசாகக் குழாய் போடும்போது நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு குழாய் போகும் பாதையை வரைந்து அசோசியேஷன் ஃபைலில் வையுங்கள். எங்களிடம் அந்த வரைபடம் இல்லாததால் மட்டும் இரண்டு நாள் வீணானது.

* ரிப்பேர் முடிந்ததும் சம்ப்பைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரமாவது விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

* வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் முதல் மருந்து தண்ணீரும் உப்பும்தான். பாக்கெட் ஓ.ஆர்.எஸ். இல்லாவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை துவண்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ சூரணம், கஷாயம் எதற்கும் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதைச் சொல்வது ஒரு சித்த வைத்தியன்!

எங்கள் கறிவேப்பிலைச் செடி குழாய் மாற்றிய பிறகு வாடிப்போனது. இப்போது சாயங்காலமானால் வாட்ச்மேனின் மகள் ஒரு சின்ன மக்கில் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுகிறாள். மறுபடி துளிர் விட்டிருக்கிறது.

நாளைக்குக் காலையில் நீங்களும் ஒரு நடை கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள். உங்கள் வாசலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே செழித்து நிற்கிற செடி ஏதாவது இருக்கிறதா?